அப்பாவின் ஆயுதப் பெட்டி

எங்கள் பக்கத்துத் தச்சுத் தொழிலாளர்கள் தங்களுடைய உளி, சீவுளி, வாள், வாய்ச்சி ஆகியவற்றையெல்லாம் சேர்த்து 'ஆயுதம்' என்றே சொல்லுவார்கள். உபகரணம், கருவி என்பவை பாடப்புத்தகத்துச் சொற்கள். ஆயுத பூசையன்று சரஸ்வதி படத்தின் முன்னால் சந்தனப் பொட்டுடன் கிடப்பவையும் இந்த ஆயுதங்கள்தாம். அப்பாவிடம் ஓர் ஆயுதப் பெட்டி இருந்தது. பலா மரத்தில் அவரே செய்தது. சிறு வயதில் நானும் தம்பியும் அதற்குள் ஒளித்து விளையாடி அடி வாங்கியிருக்கிறோம்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டுச் சனங்கள் கிழக்கே நகரத் தொடங்கியபோது, அப்பா அந்தப் பெட்டியை வளவின் பின்புறத்தில், வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கிடங்கு வெட்டித் தாட்டார். ஒவ்வோர் இரும்பிலும் உழவு இயந்திரத்தின் கழிவு எண்ணெயைப் பூசி, யூரியாப் பையால் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கி மூடினார். கொண்டுபோக முடிந்தது ஒரு சைக்கிளில் ஏறக்கூடிய அளவு. அதில் அரிசியும் அம்மாவின் மருந்துகளும் ஏறின. நான் அப்போது கொழும்பில், பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தேன். அவர்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டிருந்த இடங்களின் பெயர்களை நான் செய்தித் தலைப்புகளாக எழுதிக்கொண்டிருந்தேன்.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து அவர்கள் வீடு திரும்பியது 2010இல். வீடென்று நின்றது இரண்டு சுவர்கள்தாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் நிலத்தைச் சோதித்து முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு வேப்பமரத்திலிருந்து காலடிகளை எண்ணி, கிடங்கைத் தோண்டினார். "என்ர ஆயுதப் பெட்டி இதுக்குள்ளதான் கிடக்கு" என்று அவர் அயலவரிடம் உரத்துச் சொன்னதைக் கேட்டு அம்மா ஓடிப்போய் வாயைப் பொத்தினாராம். "சாமான் பெட்டி எண்டு சொல்லுங்கோ!" அந்த நாள்களில் வன்னியில் நிலத்துக்குள் ஆயுதம் கிடக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்குமென்று அம்மாவுக்குத் தெரியும். அப்பா தச்சன், அவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. இரும்புகள் தப்பியிருந்தன.

அப்பா 2019இல் காலமானார். பெட்டி என்னிடம் வந்தது. இவ்வளவு காலமும் அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்த என்னை, அதன் முன்னால் சப்பாணி கட்டி உட்கார வைத்தவன் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி. அவன் புது வீடு வாங்கியிருக்கிறான். அதன் விறாந்தையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பப்பாவின் சீவுளியை வைக்கப்போகிறானாம். தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, வடிவா உரஞ்சி மினுக்கிப்போட்டு அனுப்புங்கோ. பக்கத்தில வைக்கிறதுக்கு ஒரு அட்டையும் எழுதித் தாங்கோ. இரணைமடுக் குளம் கட்டின வெள்ளைக்கார இஞ்சினியர் அப்பப்பாவுக்குக் குடுத்தது, 1915 எண்டு."

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அப்பப்பா சிறு பையனாக இருந்தபோது இரணைமடுவில் எடுபிடி வேலைக்குப் போனார்; அவருடைய கைத்திறனைக் கண்ட வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சீவுளியைப் பரிசாகக் கொடுத்தார். இரணைமடுக் குளம் 1900களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பிக்கப்பட்டு ஏறக்குறைய 1920 வரை கட்டப்பட்டது. ஆண்டுக் கணக்கில் கதைக்கு இடமிருந்தது. ஆனால், முப்பது ஆண்டுகளாக "இதை உறுதிப்படுத்தியது யார்?" என்று இளம் நிருபர்களைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான். என் கையால் எழுதும் அட்டையில் ஒரு திகதி போவதென்றால், அதை யாரிடமாவது கேட்க வேண்டும். அப்பப்பா இல்லை, அப்பா இல்லை. உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிழற்படம் என்று வீட்டிலிருந்த கடதாசிகள் எதுவும் 2009ஐத் தாண்டி வரவில்லை. கேட்பதற்கு மிஞ்சியிருந்தது இரும்பு மட்டும்தான்.

*

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது இப்படியொரு பெட்டியைத் திறக்க நேர்ந்தால் அதைச் செய்யாதீர்கள்.

தம்பி சொன்னபடியே நான் முதலில் ஓர் உளியை எடுத்து மண் கடதாசியால் உரஞ்சினேன். துருவோடு சேர்ந்து எழுத்துகளும் போயின. 'ஷெஃபீல்ட்' என்ற சொல்லின் கடைசிப் பாதி மட்டும் மிஞ்சியது. அதற்கு மேலே இருந்த உற்பத்தியாளரின் பெயர் இனி எவருக்கும் கிடைக்காது. பழைய இரும்பில் குத்தப்பட்ட முத்திரை நகக்கண் அளவுகூட ஆழமில்லாதது. கிரைண்டரோ கம்பித் தூரிகையோ பட்டால் ஒரு நிமிடத்தில் நூறு ஆண்டுகள் அழிந்துவிடும்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊற வைப்பது. பழைய பல்துலக்கும் தூரிகையால் மெல்லத் தேய்ப்பது. சீலைத் துணியால் துடைப்பது. எழுத்துத் தெரியாவிட்டால் இருட்டியபின் கைவிளக்கைப் பக்கவாட்டில், இரும்பின் மேற்பரப்பைத் தடவுவதுபோலச் சரித்துப் பிடிப்பது. நேரே அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சரிந்த வெளிச்சத்தில் தன் நிழலால் எழுந்து நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் சோக்குத் தூளைத் தடவித் துடைப்பது, அல்லது மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் உரசுவது. பிடியை எந்தக் காரணம் கொண்டும் சீவக்கூடாது. இரும்பில் செய்தவனுடைய பெயர் இருக்கும். வைத்திருந்தவனுடைய பெயர் இருப்பது பெரும்பாலும் மரத்தில்தான்.

இன்னொன்று. ஒரு கருவியில் உள்ள அடையாளங்களில் எது மிகப் பிந்தியதோ, அந்தக் கருவி அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. காப்புரிமைத் திகதி அச்சிடப்பட்டிருந்தால், அது செய்யப்பட்ட திகதி அல்ல. அதற்கு முன் செய்யப்படவில்லை என்பதற்கான எல்லை மட்டுமே. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்காக வரலாறு படித்தபோது, கல்வெட்டையும் நாணயத்தையும் முன்வைத்து இதைத்தான் சொல்லித் தந்தார்கள். அப்பாவின் உளிக்கும் இது பொருந்துமென்று அப்போது தோன்றவில்லை.

*

பெட்டியின் மேல் கிடந்தவை ஒரு மண்வெட்டி அலகும் ஒரு கோடரித் தலையும்.

மண்வெட்டியில் முதலை உருவம். வன்னிக் கமக்காரரிடம் 'முதலை மார்க்' பற்றி நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் வொல்வர்ஹம்ப்டன் நகரத்துச் சில்லிங்டன் கம்பனியின் அடையாளம் அது. வெப்ப நாடுகளின் தோட்டங்களுக்கும் வயல்களுக்குமாக அவர்கள் இவற்றைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழனின் மண்வெட்டியை ஆங்கிலேயர் 'மமட்டி' என்று உச்சரித்து, அந்தச் சொல்லையே தங்கள் விலைப்பட்டியல்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் எழுதினார்கள். பொருள் அங்கிருந்து வந்தது. பெயர் இங்கிருந்து போனது. எங்கள் அலவாங்கோ மறுபக்கம். போர்த்துக்கேயர் நெம்புகோலுக்குச் சொன்ன பெயர்தான் அது. அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் வேலிக்கு இன்னும் அலவாங்கால்தான் கிடங்கு போடுகிறோம்.

நாட்டின் பெயர் பொறித்திருந்தால் காலத்தைக் கணிப்பது எளிது. 'சிலோன்' என்றிருந்தால் 1972 மே 22ஆம் திகதிக் குடியரசுப் பிரகடனத்துக்கு முற்பட்டது என்று ஏறக்குறையத் துணிந்து சொல்லலாம். 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடையிலான சில ஆண்டுகள். அப்பாவின் குறடு ஒன்றில் 'மேற்கு ஜேர்மனி' இருந்தது. இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த 1970களின் முற்பகுதியில் அவர் அதை வாங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட்ட பிறகு வந்த சாமானாக இருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் கொழும்புக்குப் போய் வந்து பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது.

கோடரித் தலையில் சரிந்த வெளிச்சத்தைப் பிடித்தபோது மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் அடையாளம் தெரிந்தது. கோழி மிதித்த தடம் போலிருக்கும். பிரித்தானிய அரசின் உடைமை, குறிப்பாகப் படைத்துறையின் உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறி அது. பக்கத்தில் 'எல்வெல்' என்ற பெயரும் 1942 என்ற ஆண்டும். எட்வர்ட் எல்வெல் கம்பனி இங்கிலாந்தின் வெட்னஸ்பரியில் கோடரியும் மண்வாரியும் செய்த பழைய நிறுவனம்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அந்தப் போர்க்காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. காடு வெட்டித்தான் ஓடுபாதை போட்டிருப்பார்கள். "இது வவுனியாச் சந்தையில அப்பு வாங்கினது, ஆமிக்காரன்ர கோடாலி" என்று அப்பா சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். இரும்பு அவர் பக்கம் நிற்கிறது. அம்மா பயந்தாரே, அந்தப் பெட்டியில் உண்மையாகவே படைக்கலச் சாலையின் முத்திரையோடு கிடந்தது இந்த விறகுக் கோடரி ஒன்றுதான்.

*

உளிகள் பதினொன்று. அவற்றில் ஆறு ஷெஃபீல்டில் செய்யப்பட்டவை. ஒன்றில் மூவிலைச் சின்னம். 1828இல் தொடங்கப்பட்ட வில்லியம் மார்ப்பிள்ஸ் நிறுவனத்தின் அடையாளம். இரண்டில் 'வார்ப்பு உருக்கு' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள். மூசையில் உருக்கி எடுத்த உருக்கு என்பது அதன் கருத்து. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர் தன்னுடைய சுருள்வில்லுக்கு நல்ல உருக்குத் தேடி 1740களில் ஷெஃபீல்டில் வளர்த்தெடுத்த முறை. இருபதாம் நூற்றாண்டில் மின்னுலைகள் வந்து அந்த முறை ஒதுங்கியபோது, அந்தச் சொற்களும் உளிகளிலிருந்து மெல்ல மறைந்தன. ஆகவே அந்தச் சொற்களைச் சுமக்கும் உளி பொதுவாக அப்பாவுடைய காலத்தை அல்ல, அப்பப்பாவுடைய காலத்தைச் சேர்ந்தது.

மூசை உருக்கு ஷெஃபீல்டில் பிறந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது இருந்தது. ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தத் தொழிலின் கடைசி மனிதர்களை இலங்கைக் கிராமத்தில் கண்டு பதிவு செய்தார். 1908இல் வெளிவந்த அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் அது இருக்கிறது. நாங்கள் உருக்கை விற்ற காலமும் இருந்தது. உளியை வாங்கிய காலமும் வந்தது.

மிகுதி ஐந்து உளிகளில் எந்த முத்திரையும் இல்லை. பெயர் இல்லை, நாடு இல்லை. உற்றுப் பார்த்தால் முதுகில் ஒரு மெல்லிய வளைவு. லொறியின் வில்தகட்டை வெட்டி அடித்தவை. 1990 முதல் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் சாமான்களின் மீது தடை இருந்தது. சீமெந்து, இரும்பு, மின்கலம் என்று நீண்ட பட்டியல். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 பாதை திறக்கும்வரை புதிய உளி வாங்க எவருக்கும் வழியிருக்கவில்லை. கொல்லர் பட்டறையில் பழுதான வாகனங்களின் வில்தகடுதான் உளியானது, கத்தியானது. தண்டவாளம் கழற்றப்பட்டுப் பதுங்குகுழியின் கூரையானதும் அந்தக் காலத்தில்தான்.

நான் இந்த ஐந்தையும் முதலில் 'அடையாளம் தெரியாதவை' என்று ஒரு பக்கமாக ஒதுக்கினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. பெட்டியில் மிகத் தெளிவாகக் காலம் சொல்லக்கூடியவை இவைதாம். வில்தகட்டில் உளி அடிப்பது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். ஆனால் ஷெஃபீல்ட் உளியை வைத்துப் பழகிய என் அப்பா, கையில் காசு இருந்தும் அடித்த உளியை வாங்கினார் என்றால் அது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான் நடந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாமையே அவற்றின் முத்திரை.

*

கடைசியில் சீவுளிக்கு வந்தேன். வேண்டுமென்றுதான் கடைசியில் வைத்திருந்தேன்.

இரும்பு உடல் கொண்ட ஸ்ரான்லி சீவுளி. லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் வடிவமைப்பு. 1869இல் அவருடைய உரிமைகளை ஸ்ரான்லி கம்பனி வாங்கியது. இந்தச் சீவுளிகளின் வரலாற்றை உலகெங்கும் ஆர்வலர்கள் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1910 முதல் 1918 வரை செய்யப்பட்ட சீவுளியின் உடலில் மூன்று காப்புரிமைத் திகதிகள் வார்க்கப்பட்டிருக்கும்: 1902 மார்ச் 25, 1902 ஓகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. தம்பி சொன்ன 1915 உண்மையென்றால் அந்த மூன்று திகதிகளும் எங்கள் சீவுளியில் இருக்க வேண்டும்.

துருவை மெல்ல மெல்லக் கரைத்தேன். திகதி ஒன்றுமில்லை. 'பெய்லி' என்ற பெயர் வந்தது. அதன் பிறகு, 'இங்கிலாந்தில் செய்யப்பட்டது' என்ற ஆங்கிலச் சொற்கள் வந்தன.

ஸ்ரான்லி அமெரிக்கக் கம்பனி. 1930களின் பிற்பகுதியில் ஷெஃபீல்டின் சப்மன் கம்பனியை வாங்கிய பிறகுதான் அது இங்கிலாந்தில் சீவுளி செய்யத் தொடங்கியது. அலகை இறுக்கிப் பிடிக்கும் மூடியிலுள்ள துளையைப் பார்த்தேன். அவரை விதை போல வளைந்த துளை. அந்த வடிவம் 1933இல் வந்தது. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன. இரணைமடுக் குளத்தின் கட்டு வேலை முடிந்தபோது இந்தச் சீவுளி உலகத்திலேயே இல்லை.

வெள்ளைக்கார இஞ்சினியர் போய்விட்டார்.

ஒரு நாள் முழுவதும் யாருடனும் கதைக்கப் பிடிக்கவில்லை. செய்தியை மறுத்து எழுதிப் பழகியவனுக்குச் சொந்த வீட்டுக் கதையை மறுப்பது இப்படி இருக்குமென்று தெரிந்திருக்கவில்லை. அடுத்த நாள் அலகைக் கழற்றிப் பார்த்தேன். அதில் ஓர் இதய வடிவத்துக்குள் ஸ்ரான்லியின் இரண்டு எழுத்துகள். கம்பனியின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட் என்பவரின் பெயரை வைத்து இதயத்தைச் சின்னமாக்கினார்கள். ஏறக்குறைய 1920 முதல் 1935 வரை பாவித்த முத்திரை அது. அதாவது அலகு உடலைவிடப் பழையது. வேறொரு சீவுளியிலிருந்து வந்தது. தச்சர்கள் உடலை மாற்றினாலும் நல்ல அலகை விடமாட்டார்கள். அலகுக்கும் 1915 எட்டவில்லை.

அப்போதுதான் மாமியின் ஞாபகம் வந்தது. அப்பாவின் மூத்த சகோதரி. வெள்ளைக்கார இஞ்சினியர் கதையை அப்பா தொடங்கும்போதெல்லாம் மாமி குறுக்கே சொல்லுவார்: "ஆரடா குடுத்தது? முதல் நெல்லு வித்த காசில அப்பு பழசா வாங்கினது. அதுக்கு ஆச்சி ஒரு மாசம் பேசினவ." யாரும் அதைக் காதில் வாங்கியதில்லை. நெல்லு விற்ற காசில் பழைய சீவுளி வாங்கியது கதையாகாது. வெள்ளைக்காரன் கொடுத்தது கதையாகும். அப்பப்பா தீவகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தது குடியேற்றத் திட்டத்தில். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, 1930களின் கடைசியில் காடாயிருந்த காணித் துண்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்துக்குப் பின்னர், வேறு அலகு பூட்டிய ஒரு பழைய சீவுளி. மாமி சொன்னதில் இரும்பு மறுக்கக்கூடியது எதுவுமில்லை. மாமியும் இப்போது இல்லை. அவரிடம் போய், "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்ல முடியாமற் போனது.

*

இனி வாள்.

கைவாள். இதன் முத்திரையைப் படிக்கத்தான் அதிக நேரம் செலவழித்தேன். பழைய வாள்களில் பிடியையும் தகட்டையும் பிணைக்கும் பித்தளைத் திருகாணிகளுள் ஒன்று நாணயம்போலப் பெரிதாக இருக்கும். செய்தவரின் பெயர் அதில்தான். 1840இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட டிஸ்ட்டன் கம்பனியின் வாளென்றால், அந்த நாணயத்தின் எழுத்துகளைக் கொண்டே எந்த இருபது ஆண்டுக்குள் செய்யப்பட்டதென்று சொல்லிவிடலாம். எங்கள் வாளின் நாணயத்தில் ஒரு கழுகும் 'உயர்தரத்துக்கு உத்தரவாதம்' என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் மட்டும் இருந்தன. அது எவருடைய பெயருமல்ல. பல கம்பனிகள் தங்கள் பெயரை இடாமல் கடைகளுக்குச் செய்து கொடுத்த வாள்களில் பூட்டிய பொதுச் சின்னம். அதற்கு மேல் அந்த இரும்பிடம் கேட்க ஒன்றுமில்லை.

பிடியைத் திருப்பினேன். ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு தமிழ் எழுத்துகள். அப்பாவின் பெயருக்குரியவை அல்ல. அப்பா தன் ஆயுதங்களில் எழுத்தே போடுவதில்லை. ஒரு முக்கோணம்தான் வெட்டுவார்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்க்காமலே சொன்னார்.

"அது எங்கட வாள் இல்லைத் தம்பி. பக்கத்து வளவுக்காரன்ர. இடம்பெயரேக்க, தன்னட்டைப் பெட்டி இல்லையெண்டு கொண்டுவந்து தந்தது. அப்பா சேர்த்துத் தாட்டவர்."

எனக்கு அவரைத் தெரியும். அப்பாவைவிட இளையவர்; அப்பாவிடம் தொழில் பழகி, பிறகு அவருடன் கூட்டாக வேலை செய்தவர். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வரும் வழியில் அவரைக் கடைசியாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு கண்டவர்கள் இல்லை. மனைவி இன்னும் அதே வளவில்தான் இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் முதல் நாளிலிருந்து இருந்தவர்களில் அவரும் ஒருவர். செய்தியாளனாக அந்தப் பந்தலுக்கு நான் போனதுண்டு. அவர் மடியில் வைத்திருந்த படத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் இருப்பவரின் வாள் எங்கள் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது.

"ஏன் அப்பா அதைத் திருப்பிக் குடுக்கேல்லை?"

"ஆரிட்டைக் குடுக்கிறது? அவளிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் பேசாமல் இருந்தேன். அம்மாவே தொடர்ந்தார். "ஒவ்வொரு வருசமும் ஆயுத பூசைக்கு முதல் நாள் எடுத்து அரத்தால பல்லுத் தீட்டி, எண்ணெய் பூசி வைப்பார். ஒருநாளும் அதால ஒரு மரம் அரிஞ்சதில்லை."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மற்ற எல்லா இரும்பிலும் துரு இருந்தது. இந்த வாளில் மட்டும் துரு இல்லாததைக் கண்டும், இது நல்ல உருக்கு என்று குறிப்பெழுதி வைத்திருந்தேன்.

இரண்டு கிழமை யோசித்தேன். அப்பா எடுத்த முடிவை மாற்ற நான் யார் என்றும் தோன்றியது. பிறருடைய பொருள் என்று தெரிந்த பிறகு சொல்லாமல் வைத்திருப்பது களவு என்றும் தோன்றியது. முடிவில் வாளைக் கொண்டுபோகாமல், வெறுங்கையோடு போனேன். விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். சொன்னேன்: "அக்கா, அண்ணையின்ர வாள் ஒண்டு எங்கட வீட்டில இருக்கு. அப்பா பத்திரமா வச்சிருந்தவர். எனக்கு இப்பதான் தெரியும்."

அவர் அதிர்ச்சியடையவில்லை. "தெரியும் தம்பி" என்றார். "ஐயா சாகிறதுக்கு முதல் ஒருக்கா வந்து சொன்னவர். தரட்டோ எண்டு கேட்டவர். நான் வேண்டாம் எண்டனான்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "அது அந்தப் பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும். அவர் தன்ர கையால அங்கதான் குடுத்தவர். வந்தா அங்கதான் வந்து கேப்பார்."

நான் எழும்பும்போது கேட்டார்: "பேப்பரில எழுதுற ஆள் நீங்கள். அது எந்த வருசத்து வாள் எண்டு பாத்தனீங்களோ?"

பார்த்தேன், தெரியவில்லை என்றேன். அவர் தலையசைத்தார்.

*

தம்பிக்குச் சீவுளியை அனுப்பிவிட்டேன். உரஞ்சவில்லை, மினுக்கவில்லை, எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறேன். முதிரை மரத்தில் அப்பப்பா செய்து பூட்டிய பிடியில் அவருடைய பெருவிரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது. அதையும் தொடவில்லை. அட்டையில் இப்படி எழுதினேன்:

"உடல்: ஷெஃபீல்ட், இங்கிலாந்து, 1930களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். அலகு: அமெரிக்கா, ஏறக்குறைய 1920–1935. பிடி: முதிரை, கிளிநொச்சி, அப்பப்பாவின் கைவேலை. முதல் நெல்லு விற்ற காசில் வாங்கியது என்று மாமி சொன்னார். 2008 முதல் 2010 வரை நிலத்துக்குள் இருந்தது."

தம்பி ஒரு கிழமையாகப் பேசவில்லை. பிறகு அழைத்தான். இஞ்சினியரைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணை, ஆச்சி ஏன் ஒரு மாசம் பேசினவ?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது. அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

மிகுதி ஆயுதங்களுக்கு வேப்பம் பலகையில் புதுப்பெட்டி ஒன்று செய்வித்திருக்கிறேன். வேம்பைக் கறையான் எளிதில் நாடாது என்று தச்சர் சொன்னார். வாள் அதற்குள்தான் இருக்கிறது. பல்லுத் தீட்ட எனக்குத் தெரியாது. அதற்கு அந்தத் தச்சரையே கேட்டிருக்கிறேன். எண்ணெய் பூசுவதை நான் செய்வேன்.